யானையிலிருந்து இறங்கிய அரசன்



ஆடி மாதம் என்றால் நம் வீடுகளில் அம்மன் கோயில் கூழும், ஆடிப் பெருக்கும், ஆடிக் கிருத்திகையும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. அதே ஆடியில், சுவாதி நட்சத்திரத்தன்று, சுந்தரமூர்த்தி நாயனாருக்கும் சேரமான் பெருமாள் நாயனாருக்கும் ஒரே நாளில் குருபூசை நடப்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. இந்த இருவர் கதையில் பாதி கேரள மண்ணில் நடந்தது என்பதும், அவர்கள் போய் வந்த வழி நம் வேலந்தாவளத்தை ஒட்டிய இந்தக் கணவாய் வழியாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பதும் அதைவிடக் குறைவான பேருக்கே தெரியும். பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்து குடியேறிய நம் குடும்பங்கள் இந்தக் கதையைத் தங்கள் கதையாகவே எண்ணலாம். அந்த எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வழியைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ரயில்வேயில் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பாதை போடுகிறவனுக்கு மலையில் எங்கே தாழ்வு இருக்கிறது என்பதே முதல் கேள்வி. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவே 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு இயற்கையே விட்டுவைத்த திறப்புதான் பாலக்காட்டுக் கணவாய். 1862இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை ரயில் பாதை முழுமை பெற்றபோது அது இந்தத் திறப்பின் வழியாகவே சென்றது. மாட்டு வண்டியும் கழுதைப் பொதியும் போன காலத்திலும் இதுவே வழி. கோயம்புத்தூருக்குத் தென்மேற்கே இராசகேசரிப் பெருவழி என்ற பழைய சாலையைக் குறிப்பிடும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அது 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்று கருதுகிறார்கள். ஏறத்தாழ அந்தக் காலத்தவர்தான் சுந்தரரும் சேரமானும். சோழ நாட்டுத் திருவாரூரிலிருந்து கொங்கு நாட்டைக் கடந்து சேர நாட்டுக் கொடுங்கோளூருக்குப் போக, பெரும் பரிவாரத்தோடு செல்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஏது?

சுந்தரர் பாடிய ஊர்களும் இந்த வழியைக் காட்டிக் கொடுக்கின்றன. இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் அவிநாசியும் திருமுருகன்பூண்டியும் இருக்கின்றன. அந்த இரண்டு ஊர்களிலும் அவர் பதிகம் பாடியிருக்கிறார். கோவைக்கு அருகே பேரூர் இருக்கிறது. தில்லையில் பாடிய பதிகத்திலும் அந்தப் பேரூரை மறக்காமல் நினைக்கிறார். அதற்கு மேற்கே கணவாயைக் கடந்தால் சேர நாடு. அங்கே கொடுங்கோளூருக்கு அருகில் திருவஞ்சைக்களம். தேவாரப் பாடல் பெற்ற கோயில்களில் மலைநாட்டில் இருப்பது இது ஒன்றுதான். அந்தப் பாட்டும் சுந்தரர் பாடியது.

சுந்தரர் பிறந்தது திருநாவலூர். தந்தை சடையனார், தாய் இசைஞானியார். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, "நீ என் அடிமை" என்று பழைய ஓலையைக் காட்டி வழக்காடிய கதையை நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். திருவெண்ணெய்நல்லூர் போய் வழக்கில் தோற்ற பிறகுதான் வந்தவர் இறைவன் என்பது புரிந்தது. அடிமை ஓலையில் தொடங்கிய அந்த உறவு பிறகு தோழமையாக மாறியது. அவருக்குத் தம்பிரான் தோழர் என்றே பெயர் வந்தது. நம்மைப்போல அவருக்கும் குடும்பக் கவலை இருந்தது. பசித்தபோது இறைவனிடம் சோறு கேட்டார். நெல் கிடைத்தால் அதை வீடு சேர்க்க ஆள் கேட்டார். மனைவி பரவையார் ஊடியபோது சமாதானம் பேசத் தூது போகச் சொன்னார். இவ்வளவு உரிமையோடு இறைவனிடம் பேசிய அடியார் வேறு யாரும் இல்லை எனலாம்.

அந்த உரிமை அவருக்குச் சலுகை ஆகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்து கொடுத்தார். திருவாரூர் நினைவு வந்ததும் அந்தச் சத்தியத்தை மீறிப் புறப்பட்டார். இரண்டு கண்களும் பார்வை இழந்தன. தோழன் ஆயிற்றே என்று இறைவன் விட்டுவிடவில்லை. ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு தவறினால் பாட்டும் பதிகமும் காப்பாற்றாது என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். பிறகு காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார் என்று பெரியபுராணம் சொல்கிறது. சாமி கும்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

இனிச் சேரமான் பெருமாள். கேரளத்துப் பிள்ளைகள் சேரமான் பெருமாள் என்றதும் மெக்காவுக்குப் போனதாகச் சொல்லப்படும் அரசரையும், கொடுங்கல்லூரில் அவர் பெயரால் உள்ள பள்ளிவாசலையும் சொல்வார்கள். அது அந்த மக்கள் போற்றும் வரலாறு. அதே ஊரில், அதே பெயரில், நாயனார் ஒருவரும் இருந்தார் என்பதை நம் பிள்ளைகளாவது தெரிந்துகொள்ள வேண்டும். இவருடைய இயற்பெயர் பெருமாக்கோதையார். அரச குலத்தில் பிறந்தும் அரண்மனையை விட்டு, திருவஞ்சைக்களத்துக் கோயிலில் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்துத் தொண்டு செய்துகொண்டிருந்தார். ஆட்சியிலிருந்த அரசர் துறவு பூண்டு போனதும் அமைச்சர்கள் வந்து இவரை அழைத்தார்கள். இறைவனிடம் கேட்டுவிட்டே பதவியை ஏற்றார். எந்த உயிர் எதைச் சொன்னாலும் அதை அறியும் ஆற்றல் இறைவன் அருளால் அவருக்கு வாய்த்தது. அதனால் கழறிற்றறிவார் என்று பெயர். குடிமக்கள் சொல்வது காதில் விழாத ஆட்சியாளர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. அப்படியிருக்க, ஓர் அரசனுக்கு வேண்டிய முதல் வரம் பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வது என்று அன்றே ஒரு புராணம் வைத்திருப்பது பெரிய விஷயம்.

இனி நான் சொல்லப் போகும் நிகழ்ச்சிதான் இந்தக் கட்டுரையின் உயிர். முடிசூட்டு நாள். கோயிலை வலம் வந்து, பட்டத்து யானைமேல் ஏறி, வெண்கொற்றக் குடையும் சாமரமும் சூழ அரசர் நகர்வலம் வருகிறார். எதிரே துணி வெளுக்கும் தொழிலாளி ஒருவர் உவர்மண் பொதியைத் தோளில் சுமந்து வருகிறார். மழையில் அந்த மண் கரைந்து உடம்பெல்லாம் வழிந்து, காய்ந்து வெளுத்திருக்கிறது. அரசருக்கு அது உடல் முழுவதும் திருநீறு பூசிய அடியாரின் கோலமாகத் தெரிகிறது. உடனே யானையிலிருந்து இறங்கி அவர் முன்னால் விழுந்து வணங்குகிறார். அந்த மனிதர் நடுங்கிப் போய், நான் உங்களுக்கு அடிமைப்பட்ட வண்ணான் என்று கைகூப்புகிறார். அரசர், நானும் ஓர் அடிமைச் சேரன்தான், திருநீற்றை எனக்கு நினைப்பூட்டினீர்கள், வருந்தாமல் போங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்.

இதைப் படிக்கும் சிலர், அரசர் ஏமாந்து போனார், உவர்மண்ணைத் திருநீறு என்று நினைத்துவிட்டார் என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் யார் என்று தெரிந்த பிறகும் அரசர் வெட்கப்படவில்லை. கும்பிட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் இல்லை. இவ்வளவுக்கும் அது தன் பெருமையை ஊர் பார்க்க வேண்டிய நாள். அமைச்சர்களும் படைத்தலைவர்களும் கூடியிருந்த தெருவில், துணி வெளுப்பவருக்கு முன்னால் முடிசூடிய தலை மண்ணில் படிந்தது. 12ஆம் நூற்றாண்டில் சோழ அரசில் பெரும் பதவி வகித்த சேக்கிழார் இதை விடாமல் எழுதி வைத்தார் என்றால் காரணம் இருக்கும்.

சேரமானும் சுந்தரரும் தோழர்கள் ஆனதும் இப்படி ஒரு மனத்தினால்தான். நாள்தோறும் பூசை முடிவில் கூத்தப்பெருமானின் சிலம்பொலி சேரமானுக்குக் கேட்கும். ஒருநாள் கேட்கவில்லை. பூசையில் என்ன குறையோ என்று மனம் உடைந்து, உயிரை விடவே வாளை உருவிவிட்டார். அப்போது ஒலி கேட்டது. தில்லையில் சுந்தரன் பாடிய பாட்டில் ஈடுபட்டிருந்தோம், அதனால் தாமதம் என்று இறைவன் உணர்த்தினார். மற்ற ஓர் அரசராக இருந்தால், நமக்கு வர வேண்டிய முறையை ஒருவன் தடுத்துவிட்டானே என்று பொறாமைப்பட்டிருப்பார். இவரோ இறைவனையே மறக்க வைத்த அந்தப் பாட்டுக்காரரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நாட்டைவிட்டுப் புறப்பட்டார். தில்லையில் பொன்வண்ணத்தந்தாதியும் திருவாரூரில் மும்மணிக்கோவையும் பாடினார். திருவாரூரில் இருவரும் சந்தித்தபோது யார் முதலில் வணங்கியது என்று சொல்ல முடியாதபடி ஒருவரையொருவர் வணங்கினார்கள்.

பிறகு இருவரும் மதுரை, இராமேசுவரம் எல்லாம் சென்று, கொங்கு நாட்டு வழியாகக் கொடுங்கோளூர் வந்தார்கள். அங்கே சேரமான் தோழரை யானைமேல் முன்னால் அமர்த்தி, தாம் பின்னால் அமர்ந்து கவரி வீசினார். சொந்த ஊரில், சொந்தக் குடிகளுக்கு முன்னால் இது நடந்தது. வெளியூரில் பணிவாக இருப்பது எளிது. நம்மை அறிந்தவர்கள் நடுவில் பணிவாக இருப்பதுதான் கடினம். வெளியூர் வந்து பிழைக்கும் நமக்கு இது நன்றாகவே தெரியும்.

சுந்தரர் ஊர் திரும்பியபோது சேரமான் கொடுத்த பொருளெல்லாம் திருமுருகன்பூண்டியில் வேடர் வடிவில் வந்த சிவகணங்களால் பறிபோய், பதிகம் பாடிய பிறகு திரும்பக் கிடைத்தது. இரண்டாம் முறை சேர நாட்டுக்கு வரும் வழியில் அவிநாசியில் ஒரு தெருவில் இரண்டு வீடுகளைக் கண்டார். ஒரு வீட்டில் பையனுக்குப் பூணூல் கல்யாணம். எதிர் வீட்டில் அழுகை. முன்பு குளிக்கப் போன இரு பிள்ளைகளில் ஒருவனை முதலை கொண்டுபோயிருந்தது. இருந்திருந்தால் அவனுக்கும் இன்று பூணூல் என்பதே அந்தப் பெற்றோரின் துக்கம். அந்தத் துக்கத்திலும் அவர்கள் சுந்தரர் வந்ததைக் கண்டு முகம் மலர்ந்து வணங்கினார்கள். சுந்தரர் தம் தோழரைப் பார்க்கப் போகும் அவசரத்திலும் நின்றார், பாடினார். பிள்ளையை மீட்டு அந்த வீட்டிலும் பூணூல் கல்யாணம் நடத்தி வைத்துவிட்டுத்தான் புறப்பட்டார். முதலை வாயிலிருந்து பிள்ளை வந்தது அதிசயம். அது நம் கையில் இல்லை. கொண்டாட்டம் நடக்கும் வீட்டைத் தாண்டி, அழுகைச் சத்தம் கேட்ட வீட்டுப் படியில் போய் நிற்பது நம் கையில் இருக்கிறது.

கடைசியில் திருவஞ்சைக்களத்தில் சுந்தரர் பாடியபோது கயிலையிலிருந்து வெள்ளை யானை வந்தது. தோழர் போவதை அறிந்த சேரமான் குதிரை ஏறி, அதன் காதில் ஐந்தெழுத்தை ஓதிப் பின்தொடர்ந்தார். கயிலை வாசலில் சேரமானுக்குத் தடை. சுந்தரர் உள்ளே போய்த் தோழருக்காக வேண்டிய பிறகே அனுமதி கிடைத்தது. அழைக்காமல் ஏன் வந்தாய் என்று கேட்கப்பட்டபோது, சுந்தரரைப் பின்தொடர்ந்து வந்தேன், உன் கருணை வெள்ளம் கொண்டுவந்து சேர்த்தது என்ற பொருளில் பதில் சொல்லி, திருக்கயிலாய ஞானஉலாவை அரங்கேற்றினார். தமிழில் உலா என்ற நூல் வகைக்கே முதல் நூல் அது. ஆதியுலா என்றே பெயர். அதைப் பாடியவர் கொடுங்கோளூரிலிருந்து ஆண்ட சேர அரசர். இந்த மண்ணில் தமிழ் நேற்று வந்த விருந்தாளி அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டாம். பெருமாள் திருமொழி பாடிய குலசேகர ஆழ்வாரும் சேர நாட்டு அரசரே.

இந்தக் கதையை இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நம் பகுதியில் பக்திக்குக் குறைவே இல்லை. கும்பாபிஷேகம், திருவிளக்குப் பூசை, அன்னதானம் எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகின்றன. ஒலிபெருக்கி அதிகாலை நான்கு மணிக்கே தொடங்கிவிடுகிறது. ஆனால் யானையிலிருந்து இறங்குவது பெருகியிருக்கிறதா? 2017இல் நம் சிற்றூர் வட்டத்தின் முதலமடை ஊராட்சியில், கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி மக்கள் டீக்கடையிலும் தண்ணீர் பிடிக்கும் இடத்திலும் தங்களிடம் தீண்டாமை காட்டப்படுவதாகப் புகார் எழுப்பியதை எல்லாச் செய்தித்தாள்களும் எழுதின. தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் நம்மைப்போல வந்து குடியேறிய சக்கிலியர் சமூகத்தார் அவர்கள். அப்படி எதுவும் இல்லை என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. கேரளத்தில் 1936இல் திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. நம் பக்கத்திலும் 1947ஐ ஒட்டிக் கோயில் கதவுகள் சட்டப்படி எல்லோருக்கும் திறந்துவிட்டன. அதற்கு 70 ஆண்டு கழித்தும் அப்படி ஒரு புகார் எழும் நிலை இருந்தது என்பதே நமக்கு வெட்கம் தர வேண்டும்.

எல்லை தாண்டி வந்தபோது நாம் மொழியைக் கொண்டு வந்தோம், குலதெய்வத்தைக் கொண்டு வந்தோம்; கூடவே சாதி வரிசையையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். சோதனைச் சாவடியில் எந்த அதிகாரியும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. மலையாள நாட்டில் நாம் சிறுபான்மை, நமக்குத் தமிழ்ப் பள்ளி வேண்டும், தமிழில் விண்ணப்பப் படிவம் வேண்டும் என்று கேட்கிறோம். கேட்பது நியாயம். அதே வாயால் நம்மிலும் சிறியவர்களாக நாம் வைத்திருப்பவர்களுக்கு நியாயம் மறுத்தால் நம் கோரிக்கைக்கு என்ன மதிப்பு?

சுந்தரர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத்தொகையில் 60 தனியடியார்களையும் 9 வகைத் தொகையடியார்களையும் வணங்குகிறார். அதை வைத்துத்தான் பிறகு பெரியபுராணமே எழுந்தது. அந்தப் பட்டியலில் அரசர்கள் உண்டு, அந்தணர் உண்டு. குயவரான திருநீலகண்டர், வேடரான கண்ணப்பர், மீனவரான அதிபத்தர், புலையரான திருநாளைப்போவார், துணி வெளுக்கும் திருக்குறிப்புத்தொண்டர் எல்லோரும் உண்டு. தம்மை வெறுத்து முகம் பார்க்க மறுத்திருந்த ஏயர்கோன் கலிக்காமரையும் அவர் விட்டுவிடவில்லை. ஒவ்வொருவருக்கும் தாம் அடியேன் என்றே சொல்கிறார். இறைவனுக்கே தோழர் என்று பெயர் பெற்றவர் மனிதர்களுக்கு முன்னால் தம்மை அடியாராகத்தான் வைத்துக்கொண்டார். பக்தியின் அளவுகோல் இதுதான் என்பது என் தாழ்மையான கருத்து. சாமிக்கு முன்னால் விழுந்து கும்பிடாதவர் யார்? சக மனிதருக்கு முன்னால் குனியத் தெரிந்ததா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சிலர் கேட்கலாம்: புராணக் கதைக்குள் சாதிப் பிரச்சினையை ஏன் கொண்டு வருகிறீர்கள், பக்தியைப் பக்தியாக விட்டுவிடக் கூடாதா என்று. நான் எதையும் புதிதாகக் கொண்டு வரவில்லை. வண்ணாரும் புலையரும் வேடரும் ஏற்கெனவே புராணத்துக்குள் இருக்கிறார்கள். நாம்தான் வெள்ளை யானையையும் முதலையையும் மட்டும் எடுத்துக்கொண்டு அவர்களை விட்டுவிட்டோம்.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, வரும் ஆடிச் சுவாதிக்கு நம் குடும்பங்கள் சேர்ந்து திருவஞ்சைக்குளம் போய் வர வேண்டும். கோயிலில் சேரமானும் சுந்தரரும் ஒரே சன்னிதியில் சேர்ந்தே இருக்கிறார்கள். தமிழ்நாட்டு அன்பர்கள், முக்கியமாகக் கொங்கு நாட்டவர், அந்த நாளில் திரளாக வருகிறார்கள். வேனில் போவோர் பாலக்காடு, திருச்சூர் வழியாகவும், ரயிலில் போவோர் இரிஞ்சாலக்குடாவில் இறங்கியும் போகலாம். இரண்டு, ஞாயிறு தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை முழுவதும் சொல்ல வேண்டும்; யானையிலிருந்து இறங்கிய இடத்தை விட்டுவிடக் கூடாது. மலையாளத்தில் மட்டும் படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு வாய்மொழியாகத் தமிழில் சொன்னால் போதும். காது வழியாகவும் தமிழ் வரும்.

மூன்றாவதுதான் முக்கியம். நம் ஆண்டு விழா அன்னதானத்துக்குக் காலனி மக்களை வேலைக்கு மட்டும் கூப்பிடாமல், வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைத்து அழைக்க வேண்டும். ஒரே பந்தி, ஒரே இலை வரிசை. முதல் பந்தியில் அவர்கள் உட்காரட்டும், சங்க நிர்வாகிகள் பரிமாறட்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. வரவு செலவுக் கணக்கில் புதிதாக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. பொதுக்குழு கூடும்போது இதைத் தீர்மானமாகக் கொண்டு வர நான் தயார். வழிமொழிய ஒருவர் முன்வந்தால் போதும்.